வேலையை விடாமல் உயிர்த்தொழில்நுட்பத்தில் பகுதிநேர முதுநிலைப் பட்டம் பெற வழி உண்டா?

திருப்போரூர்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் 2020-இல் பி.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் முடித்தேன். கடந்த நான்கரை ஆண்டுகளாக ஆலத்தூர் பக்கம், ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன். எண்டோடாக்சின் சோதனை (மருந்தில் பாக்டீரியாவின் நச்சு இருக்கிறதா என்று பார்ப்பது), ஸ்டெரிலிட்டி சோதனை (உயிருள்ள நுண்ணுயிர் இருக்கிறதா என்று பார்ப்பது), எலைசா (எதிர்ப்பொருளைக் கொண்டு புரதம் போன்றவற்றை அளப்பது) ஆகியவை என் பொறுப்பு. குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட வினைப்பொருளை மருந்து மாதிரியோடு கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இருப்பது கட்டியாக உறைந்து நிற்கிறதா (அப்படியென்றால் எண்டோடாக்சின் உண்டு), வழிந்து இறங்குகிறதா என்று பார்ப்பதை ஆயிரம் முறைக்கு மேல் செய்திருப்பேன். ஆனால் அது ஏன் உறைகிறது என்று சென்ற மாதம் ஒரு தணிக்கையாளர் கேட்டபோது, இரண்டு வாக்கியங்களுக்கு மேல் என்னால் பேச முடியவில்லை. அன்றிலிருந்துதான் இந்த எண்ணம் வலுத்தது.

எங்கள் நிறுவனத்தில் புதிய சோதனை முறைகளை உருவாக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. முதுநிலைப் பட்டம் இல்லாதவர்களை அங்கே எடுப்பதில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் எம்.எஸ்சி. முடித்தவர்கள் என்பதால் அங்கே போய்விட்டார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கலாம்தான். ஆனால் மாதம் பத்தாயிரம் ரூபாய் வீட்டுக்கு அனுப்புகிறேன், தம்பி இன்னும் கல்லூரியில் படிக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

தொலைநிலையிலோ இணையவழியிலோ மாலைநேர வகுப்பிலோ உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டம் பெற முடியுமா? அப்படிப் பெற்றால் அதற்கு மதிப்பு இருக்குமா? ஒரு முகவர், "கல்லூரிக்கு வரவே வேண்டாம், வருகைப்பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். அதை நம்பலாமா என்பதையும் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை ஆசிரியர் எழுதுகிறார்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த முகவரை நம்ப வேண்டாம். முழுநேரப் படிப்பு என்றால் பொதுவாக 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும். நீங்கள் அதே இரண்டு ஆண்டுகளில் முழுநேர ஊழியராகச் சம்பளமும் பெற்றிருப்பீர்கள். நாளைக்கு வேறொரு நிறுவனத்தில் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். அனுபவச் சான்றிதழில் உள்ள தேதிகளும் பட்டச் சான்றிதழில் உள்ள தேதிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டில் ஒன்று பொய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் மாணவர் ஒருவர் இப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கினார். சரிபார்ப்பில் சிக்கியபோது அவர் இழந்தது அந்தப் பட்டத்தை மட்டுமன்று, கையில் வந்திருந்த நல்ல வேலையையும்தான்.

அடுத்து, பகுதிநேரம், தொலைநிலை, இணையவழி ஆகிய மூன்றையும் நம்மவர்கள் ஒன்றாகவே பேசுகிறார்கள். அவை வேறு வேறு. தொலைநிலையிலும் இணையவழியிலும் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் கதவு 2025-இல் மூடிவிட்டது. துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் என்று 2021-இல் ஒன்று வந்தது. அதன் அட்டவணையில் உயிர்த்தொழில்நுட்பவியலாளரும் இருக்கிறார். அதைக் காட்டித்தான் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிர்த்தொழில்நுட்பம் போன்ற பாடங்களை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே "ஆன்லைன் எம்.எஸ்சி. பயோடெக்" என்று இனி யாராவது இந்தியப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி விற்றால், அந்த அறிவிப்பைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

பகுதிநேரம் என்பது நேரில் போய்ப் படிப்பது. பொறியியல் கல்லூரிகளில் பகுதிநேர எம்.டெக். உண்டு. வேலையில் இருப்பவர்களுக்கென்றே வகுப்பு நேரத்தை வளைத்து நடத்தும் திட்டத்துக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் அனுமதி அளித்திருக்கிறது. பணியிடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் இருக்க வேண்டும், குறைந்தபட்சப் பணி அனுபவம் இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எம்.டெக். உயிர்த்தொழில்நுட்பத்தில் சேர பி.டெக். அல்லது எம்.எஸ்சி. கேட்பார்கள். பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் படியில் ஏற முடியாது. நீங்கள் ஏறக்கூடிய படி எம்.எஸ்சி. அது இந்தத் துறையில் பெரும்பாலும் முழுநேரமாகவே நடக்கிறது.

ஏன் இப்படி என்று கோபம் வரலாம். நான் முப்பது ஆண்டுகளாக இதைக் கற்பித்து வருகிறேன், ஒரு காட்சியைச் சொல்கிறேன். பிளாஸ்மிட் என்ற சிறு வளைய டி.என்.ஏ.வில் ஒரு மரபணுவைச் செருகி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றும் செய்முறை எங்களிடம் நான்கு நாள் தொடர். மூன்றாம் நாள் மாலை, ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் (பிளாஸ்மிட் ஏறிய பாக்டீரியாதான் அதில் பிழைக்கும்) பாக்டீரியாவைப் பரப்பி 37 டிகிரியில் வைத்தால், மறுநாள் காலை, ஏறக்குறைய பதினாறு மணி நேரத்தில், தனித்தனிப் புள்ளிகளாகக் காலனிகள் வந்திருக்கும். மாலைநேர வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் காலையில் வராமல் அன்று இரவு வந்தார். தட்டில் ஒவ்வொரு பெரிய காலனியைச் சுற்றியும் கடுகைப் பொடித்துத் தூவியதுபோல் சிறு காலனிகள். பெரிய காலனி வெளியேற்றும் நொதி சுற்றியுள்ள ஆம்பிசிலினைச் சிதைத்துவிட, பிளாஸ்மிடே இல்லாத பாக்டீரியாக்கள் அந்த நிழலில் வளர்ந்துவிட்டன. அவர் அந்தச் சிறு காலனிகளில் ஒன்றை எடுத்து வளர்த்து, இரண்டு நாள்கள் கழித்து, மரபணு உள்ளே போகவில்லை என்று முடிவெழுதினார். எட்டு மணி நேரத் தாமதம் ஒரு தவறான முடிவாகிவிட்டது. இதைக் காணொளியில் காட்டலாம். ஆனால் அந்தத் தவறைத் தானே செய்து பார்த்தவருக்கு வரும் கண், காணொளி பார்த்தவருக்கு வராது.

முழுநேரம் போவதானால் ஒரு வழி இருக்கிறது. மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு காட்-பி என்ற நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அதன்வழி எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பத்தில் இடம் கிடைத்தால் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, எம்.டெக். என்றால் 12,000. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் அது ஓரளவு ஈடுகொடுக்கும்.

---

ஆட்டோகிளேவ் அண்ணன் எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயா சொன்ன பகுதிநேர எம்.டெக்.கைப் படித்து முடித்தவன் நான். நான் பி.டெக். என்பதால் தகுதிச் சிக்கல் இல்லை. ஆனாலும் உங்கள் ஷிப்ட் அட்டவணையைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது, தங்கை.

முழுநேரத்தில் இரண்டு ஆண்டுகள், பகுதிநேரத்தில் மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். வகுப்பு மாலை ஆறரைக்குத் தொடங்கும். நான் பொது ஷிப்டில் இருந்ததால் ஐந்தரைக்குக் கிளம்பி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவேன். என்னோடு சேர்ந்த ஏழு பேரில் சுழல் ஷிப்டில் இருந்த இருவரும் இரண்டாம் பருவத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் படிப்பில் எங்களைவிடக் கெட்டி. இரவு ஷிப்ட் வாரத்தில் வகுப்புக்கு வந்துவிட்டு நேரே வேலைக்குப் போய், காலையில் தூங்கி எழுந்து மறுபடி வகுப்புக்கு வருவதை உடம்பு எத்தனை வாரம் தாங்கும்? ஆகவே எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், சேர்வதற்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் சலுகை நிரந்தரப் பொது ஷிப்ட். கட்டண உதவியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வகுப்பு மாலையில் வைக்கலாம், ஆய்வகத்தை மாலையில் திறந்து வைக்க ஆள் வேண்டும் என்பதை நான் சேர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். எங்கள் கல்லூரியில் ஆட்டோகிளேவை (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) இயக்கும் உதவியாளர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், சாவி அவரிடம்தான். வாரம் முழுவதற்கும் தேவையான ஊடகத்தை (நுண்ணுயிர் வளரும் சத்துக்கரைசல்) நான் சனிக்கிழமை மதியத்துக்குள் கலந்து, குடுவைகளில் ஊற்றி, பஞ்சடைத்து, 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து அடுக்கிவிட வேண்டும். புதன்கிழமை ஒரு குடுவை கலங்கிப்போனால் அந்த வாரச் சோதனை அவ்வளவுதான், அடுத்த சனிக்கிழமைவரை காத்திருப்பேன். ஒரு தீபாவளி சனிக்கிழமையில் வந்தது. அந்த மாதம் என் ஆய்வு பத்து நாள்கள் பின்னால் போனது. அந்தப் பெரியவரிடம் ஒரு மாதம் கெஞ்சி, ஆட்டோகிளேவ் இயக்கக் கற்றுக்கொண்டு, துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் நிலைமை சீரானது.

ஆய்வேட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்திலேயே ஆய்வு செய்து அதையே சமர்ப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், மேலாளரும் வாய்மொழியாகச் சரி என்றிருந்தார். ஐந்தாம் பருவத்தில், நிறுவனத் தரவு எதுவும் வெளியே போகக் கூடாது என்று சட்டப் பிரிவு சொல்லிவிட்டது. எட்டு மாத வேலை அலமாரிக்குள் போனது. பிறகு கல்லூரி ஆய்வகத்திலேயே, பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தை ஈ.கோலையில் வளர்த்துப் பிரித்தெடுக்கும் எளிய தலைப்பில் புதிதாகத் தொடங்கினேன். புற ஊதா விளக்கின் கீழே அந்தக் குழாய் பச்சையாக மின்னியபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது என்றாலும், எட்டு மாதம் எட்டு மாதம்தான். நிறுவனத்தில் ஆய்வு செய்வதானால் முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டம் வந்ததும் பதவி உயர்வு வந்ததா என்று கேட்பீர்கள். அதே இடத்தில் வரவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறியபோதுதான் பதவியின் பெயரும் சம்பளமும் மாறின.

---

பொட்டோமக் கரை எழுதுகிறார்:

வணக்கம். கேட்ட கேள்வி தமிழ்நாட்டைப் பற்றியது. ஆனாலும் பகுதிநேரப் படிப்பு வேறு இடத்தில் எப்படி நடக்கிறது என்பது ஒப்பிட உதவும் என்பதால் எழுதுகிறேன். நான் அமெரிக்காவின் மேரிலாந்தில் வசிக்கிறேன். இங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பு ஒன்று பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே நடத்தப்படுகிறது. மொத்தம் பத்துப் பாடங்கள், ஒரு பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ எடுத்து, ஐந்து ஆண்டுகளுக்குள் முடித்தால் போதும். பக்கத்திலேயே பெதஸ்டாவில் தேசிய உடல்நல நிறுவனமும் சில்வர் ஸ்பிரிங்கில் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் இருப்பதால் அவற்றின் ஊழியர்கள் பலர் இப்படிப் படிக்கிறார்கள். பகலில் ஆய்வகத்தில் பைபெட் பிடிப்பவர்கள்தான் மாலையில் பாடம் படிக்கிறார்கள் என்பதால் செய்முறை குறைவு என்ற குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. நிறுவனம் ஊழியரின் படிப்புக்காக ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அதற்கு வருமான வரி கிடையாது என்ற விதியும் இருப்பதால், பலர் அந்த எல்லைக்குள் அடங்கும்படி பாடங்களைப் பிரித்து எடுக்கிறார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இங்கே பகுதிநேரமாகப் படிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர் முழுநேரமாகத்தான் படிக்க வேண்டும். பகுதிநேரம் என்பது எச்-1பி (வேலை விசா), எச்-4 (எச்-1பி விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) போன்ற விசாக்களில் ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கான வசதி. நான் எச்-4 விசாவில் இருந்தபோது, வேலை செய்ய அனுமதி இல்லாத அந்த நான்கு ஆண்டுகளை இப்படித்தான் கடத்தினேன். ஊரிலிருந்தபடியே அயல்நாட்டு இணையவழிப் பட்டம் பெறுவதாக இருந்தாலும், இந்தியாவில் அரசுப் பணிக்கோ முனைவர் பட்டச் சேர்க்கைக்கோ அது இந்தியப் பட்டத்துக்கு இணை என்ற சமநிலைச் சான்று கேட்பார்கள் என்பதைப் பணம் கட்டும் முன் யோசியுங்கள்.

---

நேர்காணல் மேசை எழுதுகிறார்:

நான் ஒரு மருந்து நிறுவனத்தில் பகுப்பாய்வுப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருப்பவள். ஆசிரியர் ஐயா சொன்னதில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன், உங்களுக்குப் பட்டம்தான் தேவை என்று எடுத்துக்கொண்டதைத் தவிர. உங்களுக்கு வேண்டியது முதுநிலைப் பட்டமா, இல்லை அந்தத் தணிக்கையாளரின் கேள்விக்குப் பதிலா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் அதற்குக் கல்லூரி தேவையில்லை.

எலைசா செய்வதாக விண்ணப்பத்தில் எழுதியிருப்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். உங்கள் தரநிலை வளைவுக்கு (அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து வரைவது) ஏன் நேர்கோட்டை வைக்காமல் நான்கு அளவுருச் சமன்பாட்டை வைக்கிறீர்கள்? எம்.எஸ்சி. முடித்தவர்களில் பாதிப்பேர் "மென்பொருள் அப்படித்தான் போடும்" என்கிறார்கள். கீழே தட்டையாகத் தொடங்கி, நடுவில் ஏறி, மேலே பிணைப்பிடங்கள் நிரம்பியதும் மறுபடி தட்டையாகும் அந்த எஸ் வடிவத்தைக் கையால் வரைந்து காட்டிய ஒரு பி.எஸ்சி. பெண்ணை, முதுநிலை கேட்கும் இடத்துக்கே மேலிடத்தில் வாதாடி எடுத்தேன். எல்லா இடத்திலும் இப்படி நடக்காது, மனிதவளத் துறையின் வடிகட்டி பட்டத்தைத்தான் முதலில் பார்க்கும். அதனால் பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் கையில் உள்ள வேலையைப் படியுங்கள் என்கிறேன்.

ஐ.ஐ.டி.க்கள் பாடம் நடத்தும் என்பிடெல் இணையதளத்தில் நோயெதிர்ப்பியல், உயிர்வேதியியல், உயிர்ச்செயல்முறைப் பொறியியல் ஆகிய பாடங்கள் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். பாடங்கள் பதிவாக இருப்பதால் எந்த ஷிப்டிலும் பார்க்கலாம். அது பட்டம் ஆகாது. ஆனால் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் படித்து மதிப்பெண் புள்ளிகளை மாற்றிக்கொள்ள மானியக் குழுவின் விதி இடம் தருகிறது. சேரும் இடத்தில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று: ராஜினாமா எழுதும் முன், ஊதியமில்லாப் படிப்பு விடுப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காமலே இல்லை என்று முடிவு செய்துகொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

திருப்போரூர்வாசி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. அந்த முகவரின் எண்ணை அழித்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதை வைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். தம்பி அடுத்த மே மாதம் படிப்பை முடிக்கிறான். அதுவரை என்னால் வேலையை விட முடியாது. அதன் பிறகு 5,000 ரூபாய் உதவித்தொகையும் கைச்சேமிப்பும் இருந்தால் இரண்டு ஆண்டுகள் ஓட்டிவிடலாம். ஆகவே அடுத்த காட்-பி தேர்வை எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். படிப்பு விடுப்பைப் பற்றி இன்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "இதுவரை யாரும் கேட்டதில்லை, எழுதிக் கொடு" என்றார். மறுக்கவில்லை என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. நண்டு இரத்தம் ஏன் உறைகிறது என்பதையும் படித்துவிட்டேன். எண்டோடாக்சின் ஒரு நொதியைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, கடைசியில் உறைபுரதம் திரண்டு வலையாகிறது. எண்டோடாக்சின் துளி அளவு இருந்தாலும் அந்தச் சங்கிலியில் படிக்குப் படி பெருகிவிடுவதால்தான் சோதனை அவ்வளவு நுட்பமாக இருக்கிறது.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. காட்-பி தேர்வின் முதல் பகுதியில் கணிதமும் வருகிறது என்று பார்த்தேன். நான் மேல்நிலையில் தாவரவியல், விலங்கியல் பிரிவு. பத்தாம் வகுப்போடு கணிதம் முடிந்துவிட்டது. இதைச் சமாளிக்க முடியுமா, ஐயா?

---

வைகைக்கரை ஆசிரியர் எழுதுகிறார்:

சமாளிக்கலாம், அம்மா. முதல் பகுதியில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் சேர்த்து 60 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இரண்டாம் பகுதி இளநிலைப் பட்ட அளவில் 100 கேள்விகள். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்து 60-க்கு விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். மொத்தம் 240-இல் 180 இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது, அது முழுக்க உங்கள் துறை. தவறான விடைக்கு முதல் பகுதியில் அரை மதிப்பெண்ணும் இரண்டாம் பகுதியில் ஒரு மதிப்பெண்ணும் குறையும் என்பதால், தெரியாத கணக்கைக் குருட்டாம்போக்கில் குறிக்காமல் விட்டுவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூலை வாங்கி, மடக்கையும் நிகழ்தகவும் உள்ள இயல்களிலிருந்து தொடங்குங்கள். எண்டோடாக்சின் சோதனையில் மாதிரியை இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குழாயில் உறைவது நிற்கிறது என்று பார்க்கிறீர்கள் அல்லவா? முடிவுப்புள்ளிகளின் பெருக்கல் சராசரியை எடுக்கும்போது நீங்கள் செய்வது மடக்கைக் கணக்குதான், இதுவரை அதைக் கணிப்பான் செய்துகொண்டிருந்தது. ஒரு வாரத்துக்கு அதைக் கையால் செய்து பார்த்துவிட்டு எங்கே தடுக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள்.